மறைக்க என்ன இருக்கிறது என்றோம்

"நம்மகிட்ட மறைக்க என்ன இருக்கு?" பல வருடமாக இந்த ஒரு கேள்வியை வைத்தே சமாளித்து வந்திருக்கிறோம். கேட்பவருக்கு அது ஏதோ வெள்ளை மனசு மாதிரித் தெரியும். உள்ளே இருந்தது சோம்பல். அனுமதி கேட்டு வந்த கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க உடம்பு வணங்கவில்லை. சம்மதம் என்ற பொத்தான் பெரிதாக, பளிச்சென்று இருந்தது, கட்டைவிரல் அங்கே போய்விட்டது.

போனது நம்முடையது மட்டும் என்றால் தொலையட்டும் என்று விடலாம். 2018-இல், ஒரு செயலி வழியாக ஃபேஸ்புக் பயனர்களின் தகவலை உருவிய கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் வெடித்தபோது ஃபேஸ்புக் ஒரு கணக்குச் சொன்னது. ஆளுமைச் சோதனை என்று வந்த அந்தச் செயலியை இந்தியாவில் நிறுவியவர்கள் 335 பேர். அவர்கள் நட்புப் பட்டியல் வழியாகத் தகவல் போயிருக்கக்கூடியவர்கள் சுமார் 5.62 லட்சம் பேர். அந்த 335 பேரில் நாம் இல்லாதிருக்கலாம். ஆனால் "போன ஜென்மத்தில் நீங்கள் யார்", "எந்த நடிகரின் சாயல் உங்களுக்கு" என்று வந்ததையெல்லாம் தட்டிப் பார்த்த நமக்கு அவர்களைக் குறைசொல்ல வாயில்லை. செய்தி வந்த அன்று 'அடப்பாவிகளா' என்று கோபமாக ஒரு வரி எழுதினோம். எழுதிய இடமும் ஃபேஸ்புக்தான்.

யார் அழைக்கிறார் என்று காட்டும் செயலி ஒன்றை நானும் வைத்திருந்தேன். தொடர்புப் பட்டியலை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டது, எடுத்துக்கொள் என்றேன். எங்கள் தெருவில் குழாய் வேலை பார்ப்பவரை 'பிளம்பர் லேட்டா வருவார்' என்று பதிந்து வைத்திருந்தேன். சில மாதம் கழித்து அவரே ஒருநாள் கேட்டார்: "சார், புதுசா யாருக்குப் போன் பண்ணாலும் அவங்க போன்ல 'லேட்டா வருவார்'னு பேர் விழுதாம். எவன் சார் இப்படிப் போட்டிருப்பான்?" தெரியலையே என்று சொன்னேன். தெரியும். அவர் பிழைப்பில் மண் விழுந்ததில் என் பங்கு எவ்வளவு என்று இன்றுவரை கணக்குப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

கொரோனா காலத்தில் இதுவே கொடூரமாக வந்தது. உடனடிக் கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலை உருவிக்கொண்டு, தவணை தவறியவரின் மாமனாருக்கும் மேலாளருக்கும் பள்ளித் தோழிக்கும் அழைத்து அசிங்கப்படுத்தின. படங்களை வெட்டி ஒட்டி அனுப்பின. உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையும் படங்களையும் அழைப்பு விவரங்களையும் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி எழுத்தில் போட்டது 2022 செப்டம்பரில். அதற்குமுன் அப்படி அழைப்பு வந்த வீடுகளில் நாம் பேசியது என்ன? "அவன் இவ்வளவு கடனாளியா, சொல்லவே இல்லையே." நம் எண் அவர்களுக்கு எப்படிப் போனது என்று கேட்கத் தோன்றவில்லை.

எழுதுகிறவர்கள், இதழ் நடத்துகிறவர்கள் கணக்கு தனி. 1994-இல் நெட்ஸ்கேப் உலாவி நிறுவனத்தில் இருந்த லூ மான்டுல்லி, தளங்கள் நம் உலாவியில் விட்டுவைக்கும் சிறு குறிப்பான குக்கியை உருவாக்கியபோது, ஒரு தளம் தன்னிடம் வந்தவரை நினைவு வைத்திருந்தால் போதும், அவர் வேறு எங்கெல்லாம் போகிறார் என்பது தெரியக்கூடாது என்றே யோசித்தார். விளம்பர நிறுவனங்கள் சந்து கண்டுபிடித்தன: ஆயிரம் தளங்களில் தங்கள் நிரலை வைத்துவிட்டால், ஒரே ஆளை ஆயிரம் இடத்திலும் அடையாளம் காணலாம். அந்த நிரலை ஒட்ட இடம் கொடுத்தது யார்? நாங்கள்தான். நண்பர்கள் சேர்ந்து நடத்திய இணைய இதழில் மனச்சோர்வு பற்றிக் கட்டுரை போட்டோம். இரவு இரண்டு மணிக்கு அதை ஒருவர் திறக்கும்போதே, கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி அளவுப் படம் அவர் வந்த செய்தியை வெளியே சொல்லிக்கொண்டிருந்தது. எத்தனை பேர் படித்தார்கள் என்று பார்க்கும் ஆசைக்கு நாங்கள் கொடுத்த விலை. கொடுத்தது வாசகரின் பையிலிருந்து.

2017 ஆகஸ்ட் 24 அன்று, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். வழக்குத் தொடுத்த கே. எஸ். புட்டசாமி, எண்பது வயதைக் கடந்தபிறகு நீதிமன்றப் படியேறியவர். உருகி உருகித் தலையங்கம் எழுதினோம். அந்தப் பக்கத்திலும் அந்த நிரல் ஓடியது.

யாராவது நமக்காகச் செய்வார்கள் என்றும் காத்திருந்தோம். தன் குரோம் உலாவியில் பிற தளங்களின் குக்கிகளை இரண்டே வருடத்தில் ஒழிப்பதாக 2020-இல் கூகுள் சொன்னது, தள்ளிப்போட்டது, 2024-இல் கைவிட்டது. சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ் உலாவிகள் எப்போதோ தடுக்கத் தொடங்கிவிட்டன. மாறிக்கொள்ள ஐந்து நிமிடம் ஆகும். நமக்கு ஐந்து வருடம் போதவில்லை.

ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள் இதைப் படித்த கையோடு செட்டிங்ஸுக்குப் போங்கள். கூகுள் பகுதியில் விளம்பரங்கள் என்று இருக்கும். அங்கே உங்கள் விளம்பர அடையாள எண்ணை அழித்துவிடலாம். பிறகு பிரைவசி பகுதியில் பெர்மிஷன் மேனேஜரைத் திறந்து, தொடர்புப் பட்டியலைப் பார்க்க எந்தெந்தச் செயலிக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். என் போனில் ஒரு டார்ச் லைட் இருந்தது. டார்ச் லைட்டுக்கு எதற்குங்க என் அத்தை நம்பர்? உங்கள் போனிலும் ஏதாவது இருக்கும். எடுத்துவிடுங்கள்.