வேஷமும் கோஷ்டியும்

பழனி மலைக்கு முருகன் எப்படி வந்து சேர்ந்தான் என்பது நம் வீட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் தெரிந்த கதை. உலகத்தை முதலில் சுற்றி வருகிறவருக்கு மாம்பழம் என்று பந்தயம். தம்பி மயிலேறிப் பறந்தான். அண்ணாவோ அப்பாவையும் அம்மாவையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "என் உலகம் இதுதானே!" என்று பழத்தை வாங்கிக் கொண்டார். திரும்பி வந்த தம்பி கோபித்துக் கொண்டு மலையேறிவிட்டான். யார் பக்கம் நியாயம் என்று கேட்டால் விடிய விடியப் பேசலாம். இருவருமே தத்தம் சுபாவப்படிதான் நடந்து கொண்டார்கள். ஆனால் ஆட்டம் கலைந்து போயிற்றே!

இந்தக் கதை இப்போது எதற்கு என்கிறீர்களா? அதே மலைத்தொடரின் மேலே, கோடைக்கானலில், இதே மாதிரி ஒரு ஆட்டம் கலைய இருந்ததைச் சென்ற ஐப்பசியில் பார்த்தேன்.

ஐப்பசியில் கோடைக்கானலுக்குப் போகிறவனைப் பார்த்து உள்ளூர்க்காரர்களே பரிதாபப்படுவார்கள். 7,000 அடி உயரம். நாள் முழுவதும் மழை. ஏரி இருக்கிற திசையில் பஞ்சு மூட்டையைப் பிரித்துப் போட்டாற்போல் மூடுபனி. என் தமக்கையின் பிள்ளையும் அவனுடைய சிநேகிதர்களும் சேர்ந்து ஐந்து பேர். வெளியே போக வழியில்லாமல் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டினார்கள். பகடை என்றதும் சகுனியை நினைத்துக் கொள்ள வேண்டாம். பணம் வைக்காத ஆட்டம் இது. அமெரிக்காவில் காரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் 1974-ல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பெயரில் வெளியிட்டு, பிறகு உலகமெல்லாம் பரவிய சமாசாரம். ஒருவர் சூத்திரதாரி, கதையின் காடு, மலை, ராட்சசன் எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "நான் கதவை உடைக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், உடைந்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். கதை ஒரே இரவில் முடிவதில்லை. மாதக் கணக்கில் ஓடும். நம் தொடர்கதை வாசகர்களுக்கு அந்த ருசியைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இவர்கள் கதையில், களவு போன கோயில் மணி ஒன்றைக் காட்டு வழியாகப் பழனிக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். ஒரு கஞ்ச வியாபாரி, ஒரு பாணன், ஒரு மருத்துவச்சி. நம் பிள்ளையாண்டான் வேடன். அந்த வேடனுக்காக இரண்டு பக்கம் சரித்திரம் எழுதி வைத்திருந்தான். சிறு வயதில் அநாதை, யாரையும் நம்பமாட்டான், யாரோடும் நெருப்பைக் கூடப் பங்கிட்டுக் கொள்ளமாட்டான். காகிதத்தில் பிரமாதம்தான்!

மேஜையில் என்ன நடந்தது? மற்றவர்கள் கூடி யோசித்தால் வேடன் மரத்தின் மேல் இருக்கிறான். புறப்பட்டால் அவன் மட்டும் தனியாக முன்னே போய்விடுகிறான். சூத்திரதாரி அவனுக்கென்று அரை மணி நேரம் தனிக்கதை சொல்ல, மற்ற மூவரும் கூரையைப் பார்த்துக் கொண்டு வேர்க்கடலை கொறிக்கிறார்கள். மருத்துவச்சியாக வந்த பெண் அதிகம் பேசாத சுபாவம். மூலிகைகளையெல்லாம் ஒரு நோட்டில் படம் வரைந்து கொண்டு வந்திருந்தாள். வேடனுக்குக் காயம் பட்டதும் முதல் தடவையாக வாய் திறந்து, "நான் கட்டுப் போடுகிறேன்" என்றாள். "என்னைத் தொடாதே!" என்றான் வேடன். இரண்டாம் நாள் இரவு அவள் தலைவலி என்று சொல்லிப் படுக்கப் போய்விட்டாள். அது என்ன தலைவலி என்று எனக்குத் தெரியும்.

"ஏண்டா இப்படி?" என்றேன்.

"நான் என்ன மாமா செய்வேன்? வேடன் அப்படித்தான் இருப்பான்."

இந்த ஆட்டம் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் இந்தச் சமாதானமும் உண்டாம். வேடனைப் பிரம்மாவா படைத்தார்? படைத்தவன் நீதானேடா!

அவனுக்கு நான் மலையடிவாரத்து ஸ்பெஷல் நாடகத்தைப் பற்றிச் சொன்னேன். திண்டுக்கல், மதுரைப் பக்கத்துத் திருவிழாக்களில் இன்றும் நடக்கிறது. அதற்குக் கம்பெனி கிடையாது; ஒத்திகையும் கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறு ஊர், பபூன் இன்னோர் ஊர். தனித்தனியாகப் பேசி அமர்த்தப்பட்டு, அன்று இரவுதான் ஒரே மேடையில் சந்திக்கிறார்கள். 'வள்ளி திருமணம்' என்றால் இரவு பத்து மணி வாக்கில் ஆரம்பித்து விடியும்வரை ஓடும். வேலனுக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கத்தைக் கேட்கத்தான் ஜனங்கள் கண் விழிக்கிறார்கள். அங்கே ஒரு வேலன், தன் பாண்டித்தியம் முழுவதையும் கொட்டி வள்ளியை வாயடைத்துவிட்டால் என்ன ஆகும்? பத்து நிமிஷம் கைதட்டல் கிடைக்கும். அப்புறம் கதை நகராது. விடிவதற்குள் கல்யாணம் ஆகவேண்டுமே! கெட்டிக்கார வேலன், வள்ளி எடுத்து அடிக்க வசதியாக ஒரு வார்த்தையை நழுவவிடுவான். அவள் அடிப்பாள்; பந்தல் அதிரும். அந்தச் சிரிப்பில் அவனுக்கும் பாதி பங்கு உண்டு.

அந்த நாடகங்களுக்கு ஆசான் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). அவர் எமன் வேஷம் கட்டியபோது பார்த்துக் கொண்டிருந்த ஒரு கர்ப்பிணிக்குப் பயத்தில் கரு கலைந்துவிட்டது என்றும், அதன்பின் அவர் வேஷம் கட்டுவதையே விட்டார் என்றும் நாடக உலகில் சொல்வார்கள். எமன் பயங்கரமாகத்தானே இருக்கவேண்டும்? அவர் அந்தச் சமாதானத்தைச் சொல்லவில்லை. இன்னொன்று: மனம்போல வசனம் பேசிய பெரிய நடிகர்களோடு மல்லுக்கட்டி அலுத்துத்தான் சிறுவர்களைப் பழக்கத் தொடங்கினார் என்பார்கள். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை பிறந்தது. கடைசியில் அவருடைய நாடகங்களைத்தான் இன்று ஒத்திகையே இல்லாமல் ஆடுகிறார்கள்! கேட்டால் சிரிப்பாரோ, கோபிப்பாரோ.

பிள்ளையாண்டான் பதில் பேசவில்லை. வேடனை வாயாடியாக மாற்றச் சொல்லவும் நான் விரும்பவில்லை; அப்புறம் அவனுக்கு அதில் என்ன சந்தோஷம் இருக்கும்? கஞ்ச வியாபாரியாக இருந்த பையனைப் பாருங்கள். அவன் கஞ்சத்தனத்தை விடவே இல்லை. எல்லாருக்கும் கடன் கொடுத்து, ஒவ்வோர் அபாயத்துக்கும் வட்டியை ஏற்றி எழுதிக் கொண்டே வந்தான். புலி துரத்தும்போதும் கணக்குச் சொன்னான். அவன் வாயைத் திறந்தாலே மற்றவர்கள் சிரித்தார்கள்.

மூன்றாம் நாள் இரவு மருத்துவச்சியைச் சமாதானம் பண்ணி அழைத்து வந்தார்கள். வேடன் அன்றும் மரத்தின் மேல்தான். நடுவில் இறங்கி வந்து, ஒன்றும் பேசாமல், ஒரு வேரை அவள் முன்னால் வைத்தான்.

"இது என்ன வேர்?" என்றாள்.

"தெரியாது. மான் தின்னாது."

அவள் நோட்டைப் புரட்ட ஆரம்பித்தாள். அப்புறம் ஒரு மணி நேரம் அந்த வேரை வைத்தே கதை ஓடியது. வியாபாரி அதை விலை பேசினான். பாணன் அதன்மேல் பாட்டுக் கட்டினான். கோயில் மணி இன்னும் பழனிக்கு வந்து சேரவில்லையாம். வேடனுக்கு வட்டியோடு பதினோரு வராகன் கடன் நிற்கிறது.