போலி மின்னஞ்சல்கள் வாசலிலேயே தடுக்கப்பட வேண்டும்

கடித உறையின் மீது அனுப்புநரின் பெயரை எவரும் தாம் விரும்பியவாறு எழுதிவிட முடியும். தபால் ஊழியர் அதனைச் சோதித்துப் பார்ப்பதில்லை. மின்னஞ்சலின் நிலையும் இதுவேயாகும். 1982ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட மின்னஞ்சல் பரிமாற்ற விதிமுறையில், அனுப்புநரின் முகவரி உண்மையானதா என உறுதிப்படுத்தும் ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. வங்கியின் பெயரிலும் அரச திணைக்களத்தின் பெயரிலும் மோசடிக்காரர்கள் மடல் அனுப்புவதற்கு இக்குறைபாடே வழிகோலியது.

இதன் விபரீதத்தை அண்மைய சம்பவமொன்று நன்கு உணர்த்துகின்றது. வட கொரியாவுடன் தொடர்புடைய கிம்சுகி என்னும் குழுவினர், ஊடகவியலாளர்களினதும் கல்விமான்களினதும் பெயர்களில் மின்னஞ்சல் அனுப்பித் தகவல் திரட்டுவதாக அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம், எப்.பி.ஐ., தேசிய பாதுகாப்பு முகவரகம் ஆகியன 2024 மே மாதம் கூட்டாக எச்சரித்தன. பூட்டு இல்லாத வாசல்களை மாத்திரமன்றி, பூட்டு இருந்தும் பூட்டப்படாத வாசல்களையும் அக்குழு பயன்படுத்தியமையே இங்கு கவனத்திற்குரியதாகும்.

அந்தப் பூட்டு மூன்று பகுதிகளைக் கொண்டது. ஒரு நிறுவனத்தின் பெயரில் மடல் அனுப்ப அனுமதி பெற்ற சேர்வர்கள் எவை என்பதை எஸ்.பி.எப். என்னும் பதிவு அறிவிக்கின்றது. டி.கே.ஐ.எம். ஒவ்வொரு மடலிலும் இலத்திரனியல் முத்திரையொன்றை இடுகின்றது. இச்சோதனைகளில் தேறாத மடலை என்ன செய்வது என்பதை டிமார்க் கொள்கை கூறுகின்றது. "நடவடிக்கை வேண்டாம்", "ஒதுக்கி வை", "நிராகரி" என்பனவே அதிலுள்ள மூன்று தெரிவுகளாகும். முதலாவது தெரிவுடன் நின்றுவிடும் நிறுவனம், திருடனை அடையாளம் கண்ட பின்னரும் அவனை உள்ளே அனுமதிப்பதற்கு ஒப்பானதாகும்.

இதனை உணர்ந்தே அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களம் 2017 ஒக்டோபரில், ஓராண்டுக்குள் "நிராகரி" நிலைக்கு வருமாறு மத்திய அரசின் சிவில் நிறுவனங்களுக்குப் பணிப்புரை விடுத்தது. பிரித்தானியாவின் வருமான மற்றும் சுங்கத் திணைக்களம், இம்முறையினால் 2016இல் தனது பெயரிலான சுமார் 30 கோடி போலி மின்னஞ்சல்கள் தடுக்கப்பட்டதாக அறிவித்தது. கூகுள் நிறுவனமும், நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் ஜிமெயில் பாவனையாளர்களுக்கு அனுப்புவோர் இம்மூன்றையும் கொண்டிருக்க வேண்டுமென 2024 பெப்ரவரி முதல் நிபந்தனை விதித்தது. எனினும், டிமார்க்கின் முதலாவது தெரிவே அதற்குப் போதுமானதாக ஏற்கப்பட்டமை ஒரு குறையாகும்.

அதேவேளை, அவசரமும் ஆபத்தானதே. 2014 ஏப்ரலில் யாஹூ நிறுவனம் திடீரென "நிராகரி" நிலைக்கு மாறியபோது, குழு மடல்கள் மூலம் கருத்துப் பரிமாறிய அதன் பாவனையாளர்களின் நேர்மையான மடல்களும் திருப்பி அனுப்பப்பட்டன. ஆகவே, முதலில் அறிக்கைகளைப் பெற்று, தமது பெயரில் மடல் அனுப்பும் சேவைகள் அனைத்தையும் இனங்கண்டு, படிப்படியாக நிராகரிப்பை நோக்கிச் செல்வதே உகந்த வழியாகும்.

மடலைப் பெறும் சேர்வருக்கும் பொறுப்புண்டு. போலி மடலை ஏற்றுக்கொண்ட பின்னர் திருப்பியனுப்பினால், அது முகவரி திருடப்பட்ட அப்பாவியையே சென்றடையும். ஓசையின்றி அழித்தாலோ, தவறுதலாகச் சிக்கிய உண்மையான அனுப்புநருக்கு எதுவும் தெரியவராது. வாசலிலேயே மறுத்து, அனுப்பிய சேர்வருக்குக் காரணத்தை அறிவிப்பதே முறையானதாகும்.

ஒத்த தோற்றமுடைய வேறு பெயர்களைப் பதிவு செய்து ஏமாற்றுவோரை இம்முறையினால் தடுக்க முடியாது என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும், உண்மையான பெயரையே திருடும் வழியை இது அடைத்துவிடும்.

மோசடிக்கு உள்ளானவரை "ஏன் கவனமாக இருக்கவில்லை" எனக் கேட்பது இலகுவானது. அனுப்புநரின் முகவரி உண்மையான முகவரியாகவே தோன்றுமிடத்து, வெளிநாட்டு வேலைவாய்ப்புக்கோ பல்கலைக்கழக அனுமதிக்கோ காத்திருக்கும் ஓர் இளைஞரால் அதனை எவ்வாறு இனங்காண முடியும்? அந்தச் சுமையை அவர் மீது சுமத்துவது நியாயமாகாது. இதற்கெனப் புதிய இயந்திரங்கள் தேவையில்லை. சில வரிப் பதிவுகளும், பொறுப்புணர்வும், தொடர்ச்சியான கண்காணிப்புமே போதுமானவை. எமது நாட்டின் அமைச்சுக்களும் வங்கிகளும் பல்கலைக்கழகங்களும் தமது பெயருக்குரிய வாசல் பூட்டப்பட்டுள்ளதா என்பதை உடனடியாகப் பரிசீலிக்க வேண்டுமென நாம் வலியுறுத்துகின்றோம். தனது பெயரைக் காக்கத் தவறும் நிறுவனம், அப்பெயரை நம்பும் மக்களையும் காக்கத் தவறுகின்றது.