பிள்ளைக்குச் செஸ் சொல்லித் தருகிறேன் என்று கடிகாரத்தைக் கையில் கொடுக்காதீர்கள்



நீளமான பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் ராத்திரி சாப்பிட்ட பிறகு படியுங்கள். படிக்காமலே லைக் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். வகுப்பிலும் புரிந்த மாதிரி தலையை ஆட்டியவர்கள் நீங்கள்தான்.

போன மாதம் என் அக்கா பேரன் பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்திருந்தான். ஒன்பது வயது. செஸ் கிளாஸ் போகிறான் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆசையாகப் பரண் மேலிருந்து பலகையை எடுத்துத் துடைத்து, "வாடா, பாட்டியோட ஒரு ஆட்டம் போடு" என்றேன். அவன் பலகையைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "வேண்டாம் பாட்டி. எனக்கு செஸ் வராது. நான் அறுநூறுதான்" என்றான்.

அறுநூறு என்றால் என்னவென்று கேட்டேன். ரேட்டிங்காம். ஒன்பது வயதுப் பிள்ளை தன் பெயரைச் சொல்வது போல ஒரு எண்ணைச் சொல்கிறான். முப்பத்து மூன்று வருடம் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் பாடம் எடுத்தவள் நான். "எனக்கு வராது" என்று ஒரு பிள்ளை சொன்னால், யாரோ அதை அவனுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எந்தப் பிள்ளையும் பிறக்கும்போது அந்த வார்த்தையோடு பிறப்பதில்லை.

விசாரித்தேன். வாரத்தில் இரண்டு நாள் ஆன்லைன் வகுப்பு. முதல் மாதம் முழுக்கத் தொடக்க ஆட்ட வரிசைகளை மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறார்கள். வீட்டுப்பாடம் என்ன தெரியுமா? தினமும் முகம் தெரியாத யாரோடாவது மூன்று நிமிட ஆட்டம் பத்து. அவன் அப்பா பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "ராணிய ஏண்டா அங்க வச்ச?" என்று ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு அதட்டல். அந்த அப்பாவிடம் பேசினேன். "சித்தி, உங்க காலம் வேற. இப்ப ஸ்பீடுதான் முக்கியம். காசு கட்டியிருக்கோம்" என்றான். அவனிடம் சொல்லிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அவன் ஒருவனுக்காக மட்டும் எழுதவில்லை. குகேஷ் ஜெயித்த நாளிலிருந்து நம் உறவிலும் உங்கள் வீடுகளிலும் இதே கதைதான் நடக்கிறது.

நான் செஸ் நிபுணி இல்லை. எங்கள் பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடம் மதிய இடைவேளைகளில் கற்றுக்கொண்ட ஆட்டம்தான். ஆனால் தொடக்க நிலைப் பிள்ளைக்கு எதையும் எப்படிச் சொல்லித் தருவது என்பது என் தொழில். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் முதல் வாரமே எங்கள் மண்டையில் ஏற்றிய மூன்று விதிகள் இருக்கின்றன: தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு, எளிதிலிருந்து கடினத்துக்கு, கண்ணால் காண்பதிலிருந்து கருத்தால் காண்பதற்கு. இந்த வகுப்புகள் மூன்றையும் தலைகீழாகச் செய்கின்றன.

முதலில் அந்த மனப்பாடத்தைப் பார்ப்போம். செஸ்ஸில் முதல் நகர்த்தலுக்கு 20 வழி. எதிராளிக்கும் 20. ஆக ஆளுக்கு ஒன்று நகர்த்தியதும் 400 வழி. ஆளுக்கு இரண்டு நகர்த்தினால் எத்தனை வழியில் ஆட்டம் போயிருக்கலாம்? 1,97,281. ஐந்தாம் வகுப்புக் கணக்கு நோட்டில் எழுதிப் பாருங்கள், ஒற்றை இலட்சத்துக்கும் மேலே! இதில் ஒரு வரிசையைப் பத்து நகர்த்தல் ஆழத்துக்குப் பிள்ளை நெட்டுருப் போடுகிறான். எதிரே இருப்பதும் புதிய ஆள். அவனுக்கு அந்த வரிசை தெரியாது, மூன்றாவது நகர்த்தலிலேயே எதையோ ஆடிவிடுகிறான். நம் பிள்ளை முழிக்கிறான். மனப்பாடம் செய்த கட்டுரை வராமல் வேறு தலைப்பு வந்த பரீட்சை மாதிரி. எத்தனை பேர் என்னிடம் "பசு" கட்டுரையைப் படித்துவிட்டு வந்து, "தென்னை மரம்" கேட்டதும் பசுவைத் தென்னையில் கட்டினீர்கள், ஞாபகம் இருக்கிறதா?

அதைவிட மோசம் அந்த நாலு நகர்த்தல் செக்மேட். ராணியையும் பிஷப்பையும் நீட்டி, எதிராளி கவனிக்காவிட்டால் நாலே நகர்த்தலில் ஜெயிப்பது. பிள்ளை முதல் வாரமே ஜெயித்துவிடுகிறான், பெற்றோருக்குச் சந்தோஷம், கட்டிய காசு செரித்துவிடுகிறது. ஆனால் அவன் கற்றது என்ன? எதிரே இருப்பவன் முட்டாளாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ள. பத்தாவது எதிராளி கவனித்துவிடுவான். அப்போது ராணி நடுத்தெருவில் நிற்கும், அடுத்து என்ன செய்வதென்று தெரியாது.

சரி, எங்கே தொடங்குவது? கடைசியிலிருந்து. இது என் கண்டுபிடிப்பு இல்லை. கியூபாவின் காப்பாபிளாங்கா 1921-ல் உலகச் சாம்பியன் ஆனவர். அதே வருடம் வெளிவந்த அவருடைய பாடநூலில் முதல் பாடம் என்ன தெரியுமா? ஒரு ராஜாவும் ஒரு யானையும் சேர்ந்து எதிரியின் தனி ராஜாவை மடக்குவது. பலகையில் மொத்தமே மூன்று காய்! எளிதிலிருந்து கடினத்துக்கு என்று எங்களுக்குச் சொன்னார்களே, அதேதான்.

"அதெல்லாம் பழசு" என்பீர்கள். புதுசுக்கே வருகிறேன். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். பதினான்காவது, கடைசி ஆட்டம். டிங் லிரென் தன் யானையைத் தப்பான கட்டத்தில் வைத்தார். குகேஷ் யானையை யானையால் தீர்த்தார், பிஷப்பைப் பிஷப்பால் தீர்த்தார். மிஞ்சியது ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும், அதில் குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல். டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். உலகப் பட்டம் முடிந்தது ராஜா-சிப்பாய் பாடத்தில்தான். நீங்கள் "அது கடைசியில் பார்த்துக்கலாம்" என்று தள்ளி வைக்கிற அதே பாடத்தில்.

அந்த ஆட்டத்துக்குக் கொடுத்த நேரம் எவ்வளவு? முதல் 40 நகர்த்தலுக்கு ஒவ்வொருவருக்கும் 120 நிமிடம், அதற்கு மேல் இன்னும் 30. உலகத்திலேயே சிறந்த இரண்டு மூளைக்கு இரண்டு மணி நேரம். நேற்றுக் குதிரை எப்படித் தாவும் என்று கற்ற பிள்ளைக்கு மூன்று நிமிடமா?

வேகமான ஆட்டமே தப்பு என்று சொல்லவில்லை. ஆடத் தெரிந்தவர்களுக்கு அது நல்ல விளையாட்டு. நன்றாக எழுதத் தெரிந்தவன் வேகமாக எழுதலாம். அ, ஆ எழுதிப் பழகுகிறவனை ஸ்டாப்வாட்ச் வைத்து எழுதச் சொன்னால் அவன் எழுத்து கோணும், பிறகு எழுத்தையே வெறுப்பான். மூன்று நிமிட ஆட்டத்தில் தொடக்க நிலைப் பிள்ளை யோசிப்பதில்லை, கையைத்தான் ஆட்டுகிறான். தோற்றால் ஏன் தோற்றோம் என்று பார்ப்பதற்குள் அடுத்த ஆட்டம் வந்து நிற்கிறது.

அடுத்தது அந்த எண். சில தளங்களில் புதிதாகச் சேரும் எல்லோருக்கும் தொடக்கத்திலேயே 1500 கொடுத்துவிடுகிறார்கள். தோற்கத் தோற்க அது சரியும். கணக்குப் போட அது சரியான முறையாக இருக்கலாம். பிள்ளையின் கண்ணில் எப்படித் தெரியும்? ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த அன்றே கையில் பதினைந்து மிட்டாயைக் கொடுத்துவிட்டு, தினமும் ஒன்று ஒன்றாகப் பிடுங்குவது மாதிரி. ஆட்டம் முடிந்ததும் கணினி எஞ்ஜின் வந்து தப்புகளுக்கெல்லாம் இரண்டு கேள்விக்குறி போடுகிறது. ஏன் தப்பு என்று பிள்ளைக்குப் புரிகிற மொழியில் சொல்வதில்லை. நாங்கள் சிவப்பு மையால் சுழித்தபோதாவது பக்கத்தில் சரியான விடையை விளக்கினோம். குகேஷையே அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா நெடுங்காலம் எஞ்ஜின் பக்கம் விடவில்லை என்று பத்திரிகைகளில் படித்தோம். அவரே சொந்த மூளையால் தப்புச் செய்து தப்பிலிருந்து கற்றார். உங்கள் பிள்ளைக்கு மட்டும் என்ன அவசரம்?

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். இந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன்.

1994 என்று நினைவு. ஐந்தாம் வகுப்பு. ஒரு பெண் பிள்ளையைக் கரும்பலகையில் நீள் வகுத்தல் போட நிறுத்தினேன். அவள் யோசித்தாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். "சீக்கிரம், மணி அடிக்கப் போகுது" என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் கையிலிருந்த சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அந்த வருடம் முழுக்க அவள் கணக்குப் பாடத்தில் வாயே திறக்கவில்லை. அவளுக்கு அன்று விடை தெரிந்திருக்கும் என்று எனக்குப் பிறகு புரிந்தது. இன்னும் ஒரு நிமிடம் நான் கொடுத்திருக்க வேண்டும். அம்மா, நீ இந்தப் பக்கத்தில் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். உன் பெயரைச் சொல்லமாட்டேன். அன்றைக்கு அவசரம் எனக்குத்தான் இருந்தது, தப்பு உன்னுடையது இல்லை. இதை முப்பது வருடம் தாமதமாகச் சொல்கிறேன்.

பேரன் "வராது" என்றபோது எனக்கு அந்தச் சாக்பீஸ்தான் ஞாபகம் வந்தது.

நம் வீடுகளில் ஆட்டம் சொல்லித் தரத் தெரியாமலா இருந்தோம்? என் அம்மாச்சி எனக்கு ஆடு புலி ஆட்டம் சொல்லித் தந்தார். திண்ணையில் கரியால் கோடு, 3 புலிக்குப் புளியங்கொட்டை, 15 ஆட்டுக்குக் கூழாங்கல். முதலில் தன் பக்கத்தில் உட்கார வைத்து, "இந்த ஆட்ட இங்க வச்சா புலி எங்க தாவும்?" என்று என்னிடம் யோசனை கேட்பார். தப்பாகச் சொன்னால் வைத்துக் காட்டுவார், புலி தின்னும், "சரி, திருப்பி வை" என்பார். கடிகாரம் கிடையாது, எண் கிடையாது. ஆனந்துக்கும் ஆறு வயதில் செஸ் சொல்லித் தந்தது அவர் அம்மாதான். பிலிப்பைன்ஸில் இருந்தபோது பகலில் டிவியில் வரும் செஸ் புதிர்களை அந்த அம்மா எழுதி வைப்பார், மகன் பள்ளி விட்டு வந்ததும் இருவரும் சேர்ந்து விடுவிப்பார்கள். சேர்ந்து என்ற அந்த வார்த்தையைக் கவனியுங்கள்.

"ஆன்லைனில் அதெல்லாம் முடியுமா டீச்சர்?" முடியும். நான் செய்துகொண்டிருக்கிறேன். லிச்செஸ் என்று ஒரு தளம், இலவசம், விளம்பரம் இல்லை. அதில் ஒரு நகர்த்தலுக்கு மூன்று நாள் என்று வைத்து ஆடலாம். ரேட்டிங் கணக்கில் சேராத ஆட்டமாக வைக்கலாம். எண்ணே கண்ணில் படாமல் மறைக்கலாம். நகர்த்தியதைத் திரும்பக் கேட்கலாம். முன்பின் தெரியாதவர்கள் பிள்ளையிடம் பேச முடியாதபடி குழந்தைகளுக்கான அமைப்பும் இருக்கிறது. நமக்கு வேண்டிய காய்களை மட்டும் அடுக்கி அங்கிருந்து தொடங்கலாம். எல்லாம் அதிலேயே இருக்கிறது. நாம்தான் கடிகாரத்தை மட்டும் எடுத்துக் கொடுக்கிறோம்.

பேரனோடு நான் தொடங்கியது ராஜாவும் எட்டுச் சிப்பாயும் மட்டும். யார் சிப்பாய் முதலில் மறுகரை சேர்கிறதோ அவர் ஜெயித்தார். அவன் ஒரு பக்கம், அவன் தங்கையும் அவனுக்குத் துணை, எதிர்ப்பக்கம் நான். இருவரும் பேசி முடிவு செய்துதான் நகர்த்த வேண்டும். நகர்த்துவதற்கு முன் ஒரே ஒரு கேள்விக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு: "பாட்டி ஏன் அதை நகர்த்தினாங்க?" சரியாக இருக்க வேண்டியதில்லை, பதில் இருந்தால் போதும்.

மூன்றாவது வாரம் இரண்டு ராஜாவும் நடுவில் ஒரு கட்டம் விட்டு எதிரெதிரே நின்றன. என் முறை. நான் விலகினேன். அவன் ராஜா உள்ளே நுழைந்தது, சிப்பாய் கரையேறியது. அன்று வந்த குரல் பதிவு: "பாட்டி, யாரு நகரணுமோ அவங்கதான் வழி விடணும். அதனால நகராம இருக்கறதுதான் பலம்." பெரிய ஆட்டக்காரர்கள் இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரை நான் அவனுக்கு இன்னும் சொல்லவில்லை. கண்டுபிடித்தது அவன். கொஞ்ச நாள் அது அவனுடையதாகவே இருக்கட்டும்.

அவன் அப்பா இன்னும் முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை. "இப்படி ஆடினா டோர்னமென்ட் எப்ப ஆடறது சித்தி?" என்கிறான். ஆடட்டும், ஆசை வரும்போது ஆடட்டும். எல்லாப் பிள்ளையும் குகேஷ் ஆகப் போவதில்லை, ஆக வேண்டியதும் இல்லை. நூறு பிள்ளை செஸ் கற்றால் ஒருவன் போட்டிக்குப் போகலாம். மீதிப் பேர் "எனக்கு யோசிக்க வரும்" என்று வீட்டுக்குப் போக வேண்டும். நம் வகுப்புகள் அவர்களை "எனக்கு வராது" என்று அனுப்புகின்றன. அதற்கு மாதா மாதம் காசும் கட்டுகிறோம்.

நல்ல பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள், தெரியும். அவர்களைக் கண்டுபிடிக்க வழி சுலபம். முதல் வகுப்பு முடிந்ததும் பிள்ளையிடம் "ஜெயிச்சியா?" என்று கேட்காதீர்கள். "இன்னைக்கு என்ன யோசிச்ச?" என்று கேளுங்கள். பதில் இருந்தால் அங்கேயே விடுங்கள்.

யாருக்காவது பிள்ளையை என்னோடு ஆட விட வேண்டுமென்றால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். இப்போதைக்கு ஏழு ஆட்டம் ஓடுகிறது, இன்னும் ஐந்தாறு தாங்குவேன். நாற்பது வயது ஆன பழைய மாணவர்களும் வரலாம், வெட்கப்பட வேண்டாம். ஒரே நிபந்தனை: பின்னால் நாற்காலி போட்டு யாரும் உட்காரக் கூடாது.

தப்பாகத் தெரிந்தால் கமெண்டில் சொல்லுங்கள். பதில் போடுவேன், ஆனால் மெதுவாகத்தான்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்