மூன்று முறை சரி வந்தால் போதுமா?



தாயில்பட்டியில் ஒரு வீட்டுக்கு அஸ்திவாரம் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கொத்தனார் மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடியும் மறுபக்கம் 4 அடியும் அளந்து குறியிடுகிறார். குறிகளுக்கு இடையே சரியாக 5 அடி இருந்தால் மூலை செங்கோணம். நீங்கள் படிக்கும் பிதாகரஸ் தேற்றமும் அதன் மறுதலையுமே இதற்கு அடிப்படை.

கர்ணம் காண, போதையனார் பாடியதாக ஒரு தமிழ்ப் பாட்டும் வழங்குகிறது. நீளப் பக்கத்தில் எட்டில் ஒரு பங்கைத் தள்ளி, குட்டைப் பக்கத்தில் பாதியைச் சேர்த்தால் கர்ணம் வரும் என்கிறது அது. வர்க்கமூலமே வேண்டாம்! 3, 4 என்றால் 5. 6, 8 என்றால் 10. 5, 12 என்றால் 13. உடனே, பிதாகரஸை மிஞ்சிவிட்டோம் என்று நம்மில் சிலர் மார்தட்டுகிறோம்.

சற்றுப் பொறுங்கள். 10 அடிக்கு 10 அடி அறைக்குப் போட்டுப் பாருங்கள். பாட்டுக் கணக்கில் 13.75 அடி, உண்மையில் சுமார் 14.14 அடி. ஏறக்குறைய 5 அங்குலம் குறைகிறது! இதை நம்பிக் கயிறு பிடித்தால் மூலை சுமார் 87 பாகையாகிச் சுவர் கோணிவிடும். மனக்கணக்காகத் தோராயம் பார்க்கப் பாட்டு நல்ல வழிதான். அதைத் தேற்றம் என்பதுதான் தவறு.

தேற்றத்துக்கு நிரூபணம் வேண்டும். பழைய காலண்டர் அட்டையில் ஒரே அளவான நான்கு செங்கோண முக்கோணங்களை வெட்டுங்கள். நீளப் பக்கமும் குட்டைப் பக்கமும் சேர்ந்த நீளத்தில் தாளில் ஒரு சதுரம் வரையுங்கள். அதன் ஒவ்வொரு விளிம்பிலும் ஒரு நீளப் பக்கமும் ஒரு குட்டைப் பக்கமும் வருமாறு, முக்கோணங்களை நான்கு மூலைகளிலும் வையுங்கள். நடுவில் காலியாக இருப்பது கர்ணத்தின் மேல் அமைந்த சதுரம். சதுரம்தானா? முக்கோணத்தின் இரு குறுங்கோணங்கள் சேர்ந்து 90 பாகை. நேர்கோட்டின் 180 பாகையில் அது போக மீதியும் 90. ஆகவே சதுரமே.

இனி முக்கோணங்களை இரண்டிரண்டாகச் சேர்த்து இரு செவ்வகங்களாக்குங்கள். ஒன்றைப் படுக்கையாகவும் மற்றதை நிமிர்த்தியும் எதிரெதிர் மூலைகளில் வையுங்கள். மிஞ்சுவது மற்ற இரு பக்கங்களின் மேல் அமைந்த இரு சதுரங்கள்! பெரிய சதுரமும் மாறவில்லை, அட்டைகளும் மாறவில்லை. எனவே காலியிடமும் சமம்தானே?

இதில் 3, 4 என்ற எண்களே வரவில்லை, கவனித்தீர்களா? அதனால்தான் இது எல்லாச் செங்கோண முக்கோணங்களுக்கும் பொருந்துகிறது.

பெருமை பேச வேண்டாம் என்று சொல்லவில்லை. வேள்வி மேடைகளுக்கு அளவு சொல்லும் பௌதாயன சுல்ப சூத்திரம், செவ்வகத்தின் மூலைவிட்டத்தைப் பற்றி இதே உண்மையைச் சரியாகவே கூறுகிறது. ஆனால் எவர் சொன்னாலும் சோதித்துப் பார்ப்பதே அறிவியல். அடுத்த முறை ஆசிரியர் கரும்பலகையில் நிரூபணம் எழுதும்போது, சூத்திரம் தெரிந்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். ஏன் என்று கேளுங்கள்.