சட்டமும் செயலியும் தராதது: பிட்காயினும் உள்ளூர்ச் சந்திப்புகளும்

பிட்காயின் ஒரு புதிய நாட்டில் வேரூன்ற அரசின் சட்டமோ, பெரிய நிறுவனமொன்றின் கைபேசிச் செயலியோ, விலையேற்றம் தரும் பரபரப்போ போதும் என்றும், தேநீர்க் கடையிலோ பள்ளி அறையிலோ பத்துப் பதினைந்து பேர் கூடும் உள்ளூர்ச் சந்திப்புகள் ஆர்வலர்களின் பொழுதுபோக்குக்கு மேல் எதுவுமில்லை என்றும் ஒரு கருத்து நிலைபெற்றிருக்கிறது. கொள்கை வகுப்போரும் நிதித்துறை எழுத்தாளர்களும் மட்டுமன்றி, பிட்காயின் ஆதரவாளர்களில் ஒரு பகுதியினரும் இதை ஏற்றுப் பேசுகின்றனர். இக்கருத்தைத் தாங்கி நிற்கும் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து நோக்கினால், அவற்றில் மிக வலிமையானதாகத் தோன்றுவதே மிக எளிதில் சரிந்துவிடுகிறது. அதற்கான சான்றை மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடோர் தருகிறது. சட்டத்தின் வழியும் சந்திப்பின் வழியும் ஒரே நாட்டில், ஏறத்தாழ ஒரே காலத்தில் சோதிக்கப்பட்ட இடம் அது.

முதலாவதாகச் சொல்லப்படுவது, இணையத்தில் பிறந்த பணத்துக்கு ஊரும் இடமும் தேவையில்லை என்பது. 2008 அக்டோபரில் சதோஷி நகமோட்டோ என்னும் புனைபெயரில் வெளியான கட்டுரையொன்றில் வரையறுக்கப்பட்டு, 2009 ஜனவரி முதல் இயங்கிவரும் பிட்காயின், எந்த மைய வங்கியும் வெளியிடாத, மொத்தம் 2 கோடியே 10 லட்சம் அலகுகளைத் தாண்ட முடியாத மின்னணுப் பணம் என்பதால் இவ்வாதம் மேலோட்டமாகப் பொருந்துவதுபோலத் தெரிகிறது. ஆனால் அதன் தொடக்க வரலாறே வேறு கதையைச் சொல்கிறது. பெர்லின் நகரின் கிராய்ட்ஸ்பெர்க் பகுதியிலிருந்த ரூம் 77 என்னும் மதுக்கூடம் 2011 முதல் பிட்காயினை ஏற்றுவந்ததோடு, அந்நகரத்து ஆர்வலர்கள் முறையாகக் கூடும் இடமாகவும் விளங்கியது; மென்பொருள் எழுதுவோரும் அதை ஒருநாளும் எழுதப்போகாதவர்களும் ஒரே மேசையில் அமர்ந்து, வாங்கிய பானத்துக்கு அந்தப் பணத்திலேயே விலை கொடுத்துப் பழகினர். நியூயார்க்கில் தொடங்கிய பிட்டெவ்ஸ் கூட்டங்கள், புதிய தொழில்நுட்ப முன்மொழிவுகளைக் கேள்வி-பதில் முறையில் அலசும் வழக்கத்தை ஏற்படுத்தி, பிற நகரங்களுக்கும் முன்மாதிரியாயின.

இடம் ஏன் தேவைப்படுகிறது என்பதற்குக் காரணம் இப்பணத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லை மறந்தவர் கிளைக்குப் போய் முறையிடலாம். பிட்காயினைத் தம் பொறுப்பிலேயே வைத்திருப்பவர் முறையிட எவருமில்லை. எனவே நன்கு நடத்தப்படும் ஒரு சந்திப்பில் புதியவருக்கு முதலில் கற்பிக்கப்படுவது விலை நிலவரம் அன்று, காப்பு முறையே. அவர் கைபேசியில் பணப்பைச் செயலி, அதாவது பிட்காயினைப் பெறவும் அனுப்பவும் உதவும் மென்பொருள், அங்கேயே நிறுவப்படுகிறது; அது காட்டும் 12 மீட்புச் சொற்களை வரிசை மாறாமல் ஒரு தாளில் பேனாவால் எழுதிக்கொள்கிறார்; பக்கத்தில் இருப்பவர் சில ஆயிரம் சதோஷிகளை அனுப்புகிறார், ஒரு பிட்காயினின் பத்துக் கோடியில் ஒரு பங்கே ஒரு சதோஷி. தொகை திரையில் தெரிந்ததும் செயலியை அழித்துவிடும்படி சொல்கின்றனர். புதியவர் தயங்குவார். அழித்தபின் மீண்டும் நிறுவி, தாளைப் பார்த்து அந்த 12 சொற்களையும் உள்ளிட, போன தொகை அப்படியே திரும்பி நிற்கும். அந்தத் தாளைப் படம் எடுக்கக் கூடாது, எவர் கேட்டாலும் காட்டக் கூடாது என்பது அப்போது சொன்னால்தான் மனத்தில் பதிகிறது. இதைக் காணொளியிலும் பார்க்கலாம்தான். எனினும் தயங்கும் விரலைக் கண்டு, பயப்படாமல் அழியுங்கள் என்று சொல்லக் காணொளியால் இயலாது.

அடுத்த வாதம், அரசு ஒரு சட்டம் இயற்றினால் ஆயிரம் சந்திப்புகள் செய்யாததை ஒரே நாளில் செய்துவிடும் என்பது. இதுவே மற்ற எல்லாவற்றிலும் கனமானதாகக் கருதப்படுவது என்பதால் சற்று விரிவாக நோக்கத்தக்கது.

எல் சால்வடோரின் லா லிபெர்த்தாத் கடற்கரையில் அலைச்சறுக்குக்குப் பெயர்போன எல் சோன்டே என்னும் சிற்றூர் இருக்கிறது. 2019இல், பெயர் வெளியிடாத ஒருவர் அளித்த பிட்காயின் நன்கொடையைக் கொண்டு அங்கே பிட்காயின் கடற்கரை என்னும் திட்டம் தொடங்கியது. கலிஃபோர்னியாவிலிருந்து வந்து அங்கே தங்கியிருந்த மைக்கேல் பீட்டர்சனும், ஊரைச் சேர்ந்த ரோமான் மார்ட்டினெஸ், ஹோர்ஹே வலென்சுவெலா ஆகியோரும் அதை முன்னின்று நடத்தினர். நன்கொடையை டாலராக மாற்றிப் பகிரக் கூடாது, பிட்காயினாகவே ஊருக்குள் சுழல வேண்டும் என்பது நிபந்தனை. சுழற்சிப் பொருளாதாரம் என்று அவர்கள் சொல்வது இதையே: கூலியாகப் பெற்ற பணம் கடைக்கும், கடையிலிருந்து சரக்குத் தருபவருக்கும், அங்கிருந்து மீண்டும் கூலிக்கும் செல்ல வேண்டும், இடையில் வேறு நாணயமாக உருமாறக் கூடாது. ஊரைத் தூய்மை செய்வது போன்ற பணிகளுக்கு இளைஞர்கள் பிட்காயினில் கூலி பெற்றனர். அதைச் செலவிட இடம் வேண்டியதால் பூபூசா என்னும் சோள மாவு அடை சுடுகிற கடைகளையும் மளிகைக் கடைகளையும் ஒவ்வொன்றாக அணுகினர். 2020இல் பெருந்தொற்றால் பயணிகள் வரவு நின்றபோது ஊர்க் குடும்பங்களுக்கான உதவித் தொகையும் இவ்வழியிலேயே சென்றது. கடைக்காரருக்கு ஐயம் எழுந்தால் கேட்க வேண்டியவர் அடுத்த தெருவில் இருந்தார். அவரை நாளையும் பார்க்கலாம். தவறாகச் சொன்னால் நாளையே வந்து கேட்கலாம்.

இவ்வூரின் முயற்சி நாட்டின் தலைமையை எட்டியது. அதிபர் நயீப் புகேலே 2021 ஜூனில் முன்வைத்த பிட்காயின் சட்டம், சில மணி நேரத்திலேயே, 84 உறுப்பினர் கொண்ட பேரவையில் 62 வாக்குகளால் நிறைவேறியது. செப்டம்பர் 7இல் நடைமுறைக்கு வந்தது. 2001 முதல் அமெரிக்க டாலரையே நாணயமாகக் கொண்டிருந்த அந்நாட்டில், பிட்காயினும் சட்டப்பூர்வச் செலாவணி ஆயிற்று. தொழில்நுட்ப வசதி இருந்தும் அதை ஏற்க மறுக்கும் உரிமை கடைக்காரருக்கு இல்லாது போயிற்று. சிவோ என்னும் அரசுப் பணப்பைச் செயலியைப் பதிவிறக்கியவருக்கு 30 டாலர் மதிப்புள்ள பிட்காயின் இலவசமாகக் கிடைத்தது; நாடெங்கும் ஏறத்தாழ 200 தானியங்கி இயந்திரங்கள் நிறுவப்பட்டன. பிட்காயினுக்கு இதைவிடப் பெரிய அரசு ஆதரவு உலகில் எங்கும் அதுவரை கிடைத்ததில்லை.

விளைவு என்ன? ஃபெர்னாண்டோ ஆல்வாரெஸ், டேவிட் அர்ஜென்டே, டயானா வான் பேட்டன் ஆகிய பொருளியலாளர்கள் 1,800 வீடுகளில் நேரில் நடத்திய ஆய்வு அதைத் தெளிவாகக் காட்டியது. செயலியைப் பதிவிறக்கியவர்களில் பெரும்பான்மையோர் 30 டாலரைச் செலவிட்டபின் அதைத் தொடவில்லை. பதிவிறக்கங்களும் 2022இல் ஏறக்குறைய நின்றுபோயின. பயன்படுத்தாததற்கு மக்கள் சொன்ன காரணங்களில் ரொக்கத்தின்மேல் இருந்த விருப்பமும், செயலியையும் பிட்காயினையும் நம்ப இயலாமையும் முன்னின்றன. தொடர்ந்து பயன்படுத்தியவர்கள், வங்கிக் கணக்கும் கல்வியும் உடைய இளம் ஆண்களாகவே பெரும்பாலும் இருந்தனர். வங்கி எட்டாதவர்களுக்காகவே கொண்டுவரப்பட்டதாகச் சொல்லப்பட்ட திட்டம் அவர்களை எட்டவில்லை. வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பும் பணம் நாட்டு உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கும் அந்நாட்டில், மின்னணுப் பணப்பைகள் வழியே வந்த தொகை 2022இல் அதில் 2 விழுக்காட்டையும் எட்டவில்லை. 2024 டிசம்பரில் பன்னாட்டு நாணய நிதியத்தோடு 140 கோடி டாலர் கடனுக்கு உடன்பாடு ஏற்பட்டதைத் தொடர்ந்து, 2025 ஜனவரியில் சட்டம் திருத்தப்பட்டுக் கட்டாயம் நீக்கப்பட்டது.

இத்தோல்வியைப் பிட்காயினின் தோல்வியாகவே காண்போர் உளர். அவர்கள் ஒரு பாதியைச் சரியாகவே காண்கின்றனர். ஏற்ற இறக்கம் மிகுந்த பணத்தை ஏழை வணிகர்மேல் கட்டாயமாகச் சுமத்தியது நியாயமும் அன்று, அறிவுடைமையும் அன்று. ஆனால் மறுபாதியும் உண்டு. சட்டத்துக்கு முன்பே, எவரும் கட்டாயப்படுத்தாமல், எல் சோன்டேயின் கடைகள் அதை ஏற்றிருந்தன. சட்டத்தின் வேகம் தணிந்தபின்னும், உசுலுத்தான் மாவட்டத்தில் பெர்லின் என்றே பெயர்கொண்ட மலையூரில், கடைகடையாகச் சென்று பேசியும் வகுப்பு நடத்தியும் ஓர் உள்ளூர்க் குழு அதே பணியைப் புதிதாகத் தொடங்கியது. ஒரே நாடு, ஒரே மக்கள், ஒரே தொழில்நுட்பம் என்னும்போது, வேறுபாட்டைக் கற்பிக்கும் முறையில்தான் தேட வேண்டும். சட்டத்துக்கும் நடைமுறைக்கும் இடையே மூன்று மாதமே இருந்தது. சந்தையில் கீரை விற்கும் பெண்ணிடம் அதை விளக்கும் வேலையைச் செயலியே செய்துவிடும் என்று அரசு நம்பியது பெரும் பிழை.

விலையேற்றமே கூட்டத்தைக் கொண்டுவரும் என்னும் வாதத்துக்கு நீண்ட மறுமொழி தேவையில்லை. விலை கொண்டுவரும் கூட்டத்தை விலையே கலைத்துவிடும். 2021 நவம்பரில் ஏறத்தாழ 69,000 டாலராக இருந்த ஒரு பிட்காயின், ஓராண்டுக்குள் 16,000 டாலருக்கும் கீழே சென்றது. விலைக்காக மட்டும் வந்தவருக்கு அதன்பின் தங்கியிருக்கக் காரணம் எதுவும் இல்லை. கூலியாகவும் சரக்கு விலையாகவும் பழகியவருக்குச் சில காரணங்களேனும் இருக்கும்.

இத்தகைய கூட்டங்கள் மோசடிக்காரர்களின் வலை என்னும் குற்றச்சாட்டை அப்படித் தள்ளிவிட முடியாது. அது உண்மையான இழப்புகளிலிருந்து எழுவது. 2014இல் தொடங்கிய ஒன்காயின், லண்டனின் வெம்பிளி அரங்கில் ஆயிரக்கணக்கானோரைக் கூட்டி, இல்லாத ஒரு நாணயத்தை விற்றது. அதன் நிறுவனர் ருஜா இக்னதோவா 2017இல் தலைமறைவானார். இழப்பு 400 கோடி டாலருக்கு மேல் என்கிறது அமெரிக்க அரசுத் தரப்பு. தென்னாப்பிரிக்காவில் மிரர் டிரேடிங் இன்டர்நேஷனல் பல்லாயிரம் பேரிடமிருந்து பிட்காயினைத் திரட்டி 2020இன் இறுதியில் சரிந்தது. ஆனால் இவற்றின் பொறி கூட்டம் அன்று. ஆள் சேர்த்தால் தரகு என்னும் ஏற்பாடும், உங்கள் பணத்தை எங்களிடம் கொடுங்கள், மாத வருமானம் தருகிறோம் என்னும் உறுதிமொழியுமே ஆகும். பணத்தைத் திறக்கும் சாவி, அதாவது அந்த மீட்புச் சொற்கள், எவர் கையிலும் கொடுக்கத் தக்கதன்று என்பதை முதற்பாடமாக வைக்கும் சந்திப்பு, அவ்வகை மோசடிக்கு எதிரான தடுப்பாகவே செயல்படுகிறது. எனவே புதியவர் ஒரு கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி, என் வரவால் இங்கே எவருக்கேனும் தரகு கிடைக்கிறதா என்பது. கிடைக்கிறது என்றால் உடனே வெளியேறலாம்.

எல் சோன்டே ஒரு நன்கொடையாளரின் பணத்தாலும் வெளிநாட்டார் வரவாலும் நின்ற செயற்கைப் பயிர், வேறெங்கும் முளைக்காது என்பது மற்றொரு வாதம். நன்கொடை இருந்தது உண்மை. வெளிநாட்டார் வரவால் அக்கரையோரத்தின் நில விலை உயர்ந்து உள்ளூர் மக்களுக்குச் சுமையானதும் உண்மை. இவ்விரண்டையும் மறைத்துப் பேசும் ஆதரவாளர்கள் தம் வழக்குக்கே ஊறு செய்கின்றனர். எனினும் வேறெங்கும் முளைக்கவில்லை என்பது பிழை. 2021இல், தென்னாப்பிரிக்காவின் மோசல் பே நகரையொட்டிய ஒரு குடியிருப்பில் தொடங்கிய பிட்காயின் எகாசி திட்டம், ஏழைச் சிறாருக்கு அலைச்சறுக்குக் கற்பிக்கும் பயிற்சியாளர்களுக்குப் பிட்காயினில் ஊதியம் தந்து, அங்குள்ள ஸ்பாசா எனப்படும் பெட்டிக்கடைகளை அதை ஏற்க வைத்தது. எல் சால்வடோரிலேயே 2021இல் தோன்றிய மி ப்ரிமேர் பிட்காயின் என்னும் கல்வி அமைப்பு, பத்து வாரப் பாடநூலொன்றை உருவாக்கி எவரும் மொழிபெயர்த்துப் பயன்படுத்தும்படி திறந்து வைத்ததால், பல நாடுகளின் குழுக்கள் அதைத் தம் வகுப்புகளுக்கு எடுத்துக்கொண்டன. உயர்ரகக் கைபேசியும் இணையமும் இல்லாதோர் என் செய்வர் என்ற கேள்விக்கும் விடை ஆப்பிரிக்காவிலிருந்தே வந்தது: தென்னாப்பிரிக்க மென்பொருளாளர் கோத்தாட்சோ ங்காக்கோ 2022இல் உருவாக்கிய மச்சன்குரா, சாதாரணப் பொத்தான் கைபேசியில் எண் குறியீட்டை அழுத்தியே, இணையமின்றிப் பிட்காயினை அனுப்பவும் பெறவும் வழி செய்கிறது. அதில் பயனரின் சாவி சேவையாளரிடமே இருக்கிறது என்ற குறையையும் எடுத்துச் சொல்லுமிடம் நேர்மையான சந்திப்புக் கூட்டமே.

எனவே புதியதொரு நாட்டில் இப்பணியைத் தொடங்க விரும்புவோர், அமைச்சரைச் சந்திக்க நேரம் கேட்பதற்கும் பெருமாநாட்டுக்குப் புரவலர் தேடுவதற்கும் முன், மாதம் ஒரு முறை, ஒரே நாளில், ஒரே இடத்தில், அந்நாட்டு மக்களின் மொழியிலேயே கூடுவதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும். அந்த இடம் பிட்காயினை ஏற்கும் கடையாக இருப்பது நல்லது. அந்நாட்டின் வரிச் சட்டத்தையும் நாணயச் சட்டத்தையும் தெரிந்த ஒருவரை முதற்கூட்டத்துக்கே அழைக்க வேண்டும். வாடகையும் சோறும் போக மிஞ்சாத பணத்தை எவரும் இதில் போட வேண்டாம் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்ல வேண்டும். வந்தவர் தலையை எண்ண வேண்டாம். 12 சொற்களைத் தாளில் எழுதி, அழித்து, மீட்டெடுக்கக் கற்றவர் எத்தனை பேர், அடுத்த மாதமும் அதே பணத்தை ஏற்கும் கடைகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.