தோல்வியும் தபால் தலையும்

உங்கள் வீட்டிலும் கால்பந்துப் பைத்தியம் உண்டா, சகோதரிகளே? அபிமான அணி தோற்றால் பிள்ளைகளிடம், 'வெறும் விளையாட்டுதானே' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ரோஷம்தான் கூடும்.

2022 டிசம்பர் 9 இரவு, உலகக் கோப்பைக் கால் இறுதியில் குரோஷியாவிடம் பிரேசில் பெனால்டியில் 4-2 என்று தோற்றதும் என் மூத்த பிள்ளை தட்டைத் தள்ளிவிட்டான். ஒரு டம்ளர் மோரைக் கொடுத்து, அவனைப் பேசவிட்டேன். காலையில், "கால்பந்து ஸ்டாம்பையெல்லாம் வித்துடும்மா" என்றான். கோபத்தில் விற்றால் அடிமாட்டு விலைதானே! "ஒவ்வொண்ணு உனக்கு இருக்கட்டும், இரட்டையா இருக்கறதை மட்டும் கொடுக்கலாம்" என்றேன். பிரித்து அடுக்குவதற்குள் பாதி துக்கம் ஆறிவிட்டது. விற்ற காசு அவன் பூட்ஸ் செலவில் கொஞ்சம் தாங்கியது.

நீங்களும் விற்பதானால், தபால் தலையை இடுக்கியால் எடுங்கள். பல் கிழிந்தால் மதிப்பு போச்சு. புதுத் தலையைத் தண்ணீரில் போட்டால் பின்புறப் பசை கரைந்துவிடும். உறையில் ஒட்டிய பழைய தலையை மட்டும் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, பிரித்து, நிழலில் உலர்த்துங்கள். பழைய நாணயத்தைப் புளி போட்டுத் தேய்க்கவே தேய்க்காதீர்கள்! பளபளப்பு வரும், விலை இறங்கும்.

2014 உலகக் கோப்பைக்கு நம் தபால் துறை வெளியிட்டது போன்ற சமீபத்திய தலைகளுக்குப் பெரிய விலையை எதிர்பார்க்க வேண்டாம். இரண்டு, மூன்று கடைகளில் விசாரியுங்கள். வரவு செலவை நோட்டில் எழுதுங்கள். வீட்டுச் செலவுப் பணத்தை மட்டும் இதில் போடாதீர்கள்.