கனடாவுக்குக் கிரைண்டர் கொண்டு போகலாமா?

கணவரிடமோ பிள்ளைகளிடமோ கனடா செல்லும் சகோதரிகள் பலர் புறப்படுமுன் என்னிடம் கேட்கும் கேள்வி இது. கோழி வளர்த்துச் சேர்த்த காசில் வாங்கியதை விட்டுப்போக யாருக்குத்தான் மனம் வரும்?

ஆனால் நமது வீடுகளுக்கு வரும் கரண்ட் 230 வோல்ற், கனடாவில் 120. இங்கத்தைய கிரைண்டர் அங்கே உழுந்தரைக்கத் திணறும். கேத்தில் நாலில் ஒரு பங்கு சூடுதான் தரும். கடையில் விற்கும் சிறிய அடப்டர் பிளக்கின் வடிவத்தை மட்டுமே மாற்றும், வோல்ற்றை அல்ல. விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை!

மறுபக்கம்தான் பெரிய ஆபத்து. அங்கிருந்து உறவினர் ஆசையாய்க் கொண்டுவரும் 120 வோல்ற் றைஸ் குக்கரை இங்கே நேரே செருகினால் கிட்டத்தட்ட நான்கு மடங்கு சூடேறும். கருகும், தீயும் பிடிக்கலாம்.

ஆகவே பொருளின் அடியில் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். 100-240 என்றிருந்தால் இரு நாட்டிலும் பாவிக்கலாம். கைத்தொலைபேசி சார்ஜர்கள் பெரும்பாலும் அப்படித்தான். பிரான்ஸ், ஜேர்மனி, லண்டன் போவோருக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கும் 230தான், பிளக் மட்டும் வேறாக இருக்கலாம்.

ரொறன்ரோவில் 120 வோல்ற்றுக்கென்றே செய்த கிரைண்டர் வாங்கலாம். உங்களுடையதைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, அந்தப் பாரத்துக்கு மிளகாய்த்தூள் கட்டுங்கள்.